பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டும் தேறிவிட்டேன். ஆசிரியர் பற்றாக்குறை என்கிறார்களே, கன்னியாகுமரி மாவட்டத்திலேயே அரசுப் பள்ளி வேலை கிடைக்குமா?

பற்றாக்குறை உண்மைதான். ஆனால் அந்தக் காலியிடங்கள் பெரும்பாலும் வட மாவட்டங்களில் இருக்கின்றன. நான் கருங்கல் பக்கத்துக்காரி. இப்போது கணக்குப் பாடம் எடுப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில், ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில்.

நம் மாவட்டத்தில் ஏன் இடமில்லை? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு அதிகம் உள்ள மாவட்டம் நம்முடையது. எங்கள் தெருவில் மட்டும் பி.எட். முடித்தவர்கள் ஆறு பேர். பள்ளிக்கூடங்களும் நெருக்கம் நெருக்கமாக இருக்கின்றன. பல, கிறிஸ்தவ சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஒருவர், 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஒருவர். பிள்ளைகள் தனியார் பள்ளி வேனில் ஏறிவிட்டால், இருக்கும் ஆசிரியரே உபரி ஆகி, பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போகவேண்டியதுதான்.

சரி, ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடமாவது கிடைக்குமா? வடக்கே வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் மாறுதல் கலந்தாய்வில் அதற்காகத்தான் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். புதிதாக வருபவருக்கு மிஞ்சுவது அவர்கள் விட்டுவரும் இடம்.

டெட்டோடு முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். நான் 2013-இல் தேறினேன். 2018-இல் அரசாணை 149 வந்து, டெட் வெறும் தகுதி, வேலைக்குத் தனிப் போட்டித் தேர்வு என்றானது. பட்டதாரி ஆசிரியர்களுக்கு அந்தத் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். அதுவரை தனியார் பள்ளியில்தான் இருந்தேன்.

இடையில் உதவிபெறும் பள்ளி ஒன்றில் இடம் இருக்கிறது என்று சொல்லி அப்பாவிடம் பல லட்சம் கேட்டார்கள். அம்மை கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாள். நான் சம்மதிக்கவில்லை. அப்படிப் பணம் கொடுத்துச் சேர்ந்து, அரசின் ஒப்புதல் வராமல், சம்பளம் இல்லாமல் நிற்பவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எடுக்கும் தற்காலிக வேலை கிடைத்தால் போகலாம். பட்டதாரி ஆசிரியருக்கு 2022-இல் மாதம் 10,000 ரூபாய் என்று தொடங்கி, பிறகு 15,000 ஆக்கினார்கள். வகுப்பு எடுத்துப் பழக நல்ல வாய்ப்பு. நிரந்தரமாகும் என்று நம்பித் தேர்வுப் படிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வடக்கே போவது கஷ்டம்தான். மகளை அம்மையிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். விடுமுறைக்கு விடுமுறைதான் பார்க்கிறேன். ஆனால் நான் சேர்ந்த அன்று ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் தொடங்கவே இல்லை. கணக்குக்கு ஆளில்லாமல் தமிழாசிரியர்தான் அந்த வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பற்றாக்குறை என்ற சொல்லுக்கு அர்த்தம் எனக்கு அந்த வகுப்பறையில்தான் புரிந்தது. அங்கே நம்மைப் போன்றவர்கள் உண்மையாகவே தேவைப்படுகிறார்கள். அதனால் என் யோசனை: மாவட்டம் பார்க்காமல் தேர்வை எழுதுங்கள்.

அப்புறம், போட்டித் தேர்வில் தமிழ்த் தகுதிப் பகுதி ஒன்று உண்டு. 30 கேள்வி, 50 மதிப்பெண். 20 எடுக்காவிட்டால் பாடத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். கேள்விகள் பத்தாம் வகுப்புத் தரம்தான். நீங்கள் ஆங்கில வழியில் படித்தவர் என்றால், அந்தத் தமிழ்ப் புத்தகத்தை இந்த வாரமே எடுத்து வையுங்கள்.