நேரடி மொழிபெயர்ப்பு ஏன் பின்தங்கியே வருகிறது?

பேசும்போதே மொழிபெயர்க்கும் கருவி ஏன் தாமதிக்கிறது, கணினி வேகம் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வேகமும் ஒரு காரணம்தான். பெரிய சிக்கல் வாக்கிய அமைப்பில் இருக்கிறது.

‘நான் அந்தக் கடிதத்தை நேற்று கிழிக்கவில்லை’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல, ‘நான்’ முடிந்ததுமே வினைச்சொல் வேண்டும். தமிழிலோ அது கடைசியில்தான் வரும். கிழித்தாரா, படித்தாரா என்பது மட்டுமல்ல, ‘இல்லை’ என்பதே அங்கேதான் தெரியும். அதுவரை கருவி காத்திருக்கலாம், இல்லையென்றால் ஊகிக்கலாம். ஊகம் தப்பினால், வாய்விட்டுச் சொன்னதைத் திரும்ப அள்ள முடியாது. (திரையில் எழுத்தாக ஓடினால் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம்.)

2018-ல் பைடு என்ற சீனத் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எளிய வழி ஒன்றைச் சொன்னார்கள்: பேச்சாளருக்கு எப்போதும் குறிப்பிட்ட சில சொற்கள் பின்னாலேயே நடப்பது. பயிற்சியின்போதே மாதிரிக்கு (மொழிபெயர்க்கக் கற்றுக்கொள்ளும் கணினி நிரலுக்கு) அரைகுறை வாக்கியத்தைக் கொடுத்துப் பழக்குவதுதான் இதில் சூட்சுமம். முழு வாக்கியமாகவே பார்த்து வளர்ந்த மாதிரி பாதியில் தடுமாறும்.