நெவாடாவில் ஸ்பூனர் பகுதியின் சாலையோர வரலாற்றுப் பலகையைப் பார்க்க வண்டியை நிறுத்தலாமா?

தாஹோ ஏரிக்குக் காரில் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தாராளமாக நிறுத்தலாம். பலகையைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். அதில் சொல்லியிருப்பதை மலையில் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கார்சன் சிட்டியிலிருந்து 50ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறினால் ஸ்பூனர் கணவாய், உயரம் 7,146 அடி. அதைத் தாண்டியதும் வலப்புறம் 28ஆம் சாலை பிரியும். மாநிலத்தின் 225ஆம் எண் பலகை இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. பலகை கண்ணில் பட்டதும் சட்டென்று பிரேக் போடாதீர்கள். பின்னால் வண்டிகள் வேகமாக இறங்கி வரும். 28இல் திரும்பியதும் வரும் ஸ்பூனர் ஏரிப் பூங்காவில் கட்டணம் செலுத்தி நிறுத்துவதே பாதுகாப்பு. பனிக்காலத்தில் சாலையோரம் ஒதுக்கும் பனி மேடாகக் குவிந்து பலகைகளையே மறைத்துவிடும். ஜூன் முதல் அக்டோபர் வரை போவது நல்லது.

இந்தப் பகுதிக்குப் பெயர் தந்த மிஷேல் ஸ்பூனர் பிரெஞ்சு-கனடியர். 1868இல் யெரிங்டன் என்ற தொழிலதிபர் முதலியோருடன் சேர்ந்து இங்கே மரத் தொழில் நிறுவனம் தொடங்கினார். 1870க்குள் இரண்டு மர அறுவை மில்களும், கூரை வேயும் மரவில்லைகள் செய்யும் மில் ஒன்றும் ஓடின. 1873இல் டுவேன் பிளிஸ் என்ற மர வணிகரின் நிறுவனம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. மரத்தின் பெரும்பகுதி நெவாடாவிலேயே இருக்கும் வர்ஜீனியா சிட்டி வெள்ளிச் சுரங்கங்களுக்குத்தான். தாது எடுத்த குழி இடியாமல் இருக்க, கனசதுரச் சட்டங்களை அடுக்கடுக்காகக் கோத்து முட்டுக்கொடுக்கும் முறை 1860இல் அங்கே பிறந்தது. அது காடு காடாக மரம் கேட்டது.

பலகையைப் படித்தவர்கள் தவறவிடுவது ஒன்று: மில்கள் பெருகிய கிளென்புரூக் என்ற ஊர் தாஹோ ஏரிக்கரையில், சுமார் 6,225 அடியில் இருக்கிறது. கணவாய் அதைவிட 900 அடிக்கு மேல் உயரம். மரத்தை மிதக்கவிட்டு அனுப்பும் தண்ணீர் மேடேறாது. அதனால்தான் 1875இல் குறுகிய பாதை ரயில் போட்டு, ஏறத்தாழ 14 கி.மீ. வளைந்து ஏற்றி, கணவாயில் மரத்தை இறக்கினார்கள். அங்கிருந்து 'வி' வடிவ மரக்கால்வாயில் தண்ணீரோடு சுமார் 19 கி.மீ. வழுக்கிக்கொண்டு கார்சன் சிட்டி மரவாடிக்குப் போனது. கணவாயில் நின்று இருபுறமும் பாருங்கள், கணக்கு விளங்கிவிடும்.

பிறகு ஸ்பூனர் ஏரியைச் சுற்றி நடங்கள். இரண்டு மைலுக்குச் சற்று அதிகம், ஏற்றம் குறைவு. இப்போது நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை வெட்டுக்குப் பின் முளைத்தவை. பழைய ஆணி, இரும்புத் துண்டு கிடந்தால் கை வைக்காதீர்கள். அரசு நிலத்தில் தொல்பொருளை எடுப்பது குற்றம். 7,000 அடியில் சீக்கிரம் மூச்சு வாங்கும், தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

திரும்பும் வழியில் கார்சன் சிட்டியின் மாநில ரயில் அருங்காட்சியகம். அந்த மர ரயிலை இழுத்த, கிளென்புரூக் என்று பெயரிட்ட 1875 இன்ஜின் அங்கேதான் நிற்கிறது. வாரத்தில் சில நாள் விடுமுறை, திறந்திருக்கும் நாளா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.