மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் ரத்த இழப்பைக் குறைக்கப் போடும் ஊசியால் ரத்தக்கட்டி உண்டாகுமா?

முழங்கால் மூட்டு மாற்றும் நாளில் உங்கள் தாயாருக்கு டிரானெக்சாமிக் அமிலம் செலுத்தப் போவதாக மருத்துவர் கூறியதையும், ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து காலில் ரத்தக்கட்டியை உண்டாக்கிவிடுமோ என்ற அச்சத்தையும் எழுதியிருக்கிறீர்கள். நான் மயக்கவியல் மருத்துவர். இம்மருந்தை அன்றாடம் பயன்படுத்துகிறேன்.

இது புதிதாக ரத்தத்தை உறைய வைப்பதில்லை. எலும்பை அறுத்த இடத்தை உடல் தானாகவே ஃபைப்ரின் என்னும் புரத இழைகளால் அடைக்கிறது. ஆனால் பிளாஸ்மின் என்னும் நொதி அவ்விழைகளை உடனுக்குடன் கரைக்கத் தொடங்கும், அறுவையின்போது ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் இறுக்கிய பட்டையைத் தளர்த்தியதும் அந்தக் கரைப்பு இன்னும் வேகமெடுக்கும். லைசின் அமினோ அமிலத்தை ஒத்த இம்மருந்து, பிளாஸ்மினாக மாறவேண்டிய பிளாஸ்மினோஜென் ஃபைப்ரினைப் பற்றிக்கொள்ளாமல் தடுத்து, உடல் போட்ட அடைப்பைக் காக்கிறது. 1962-இல் ஜப்பானின் உடாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேவும் கண்டறிந்த இது, விலை மலிவான, மாதவிடாய் மிகைப்போக்குக்குப் பெண்கள் விழுங்கும் அதே மருந்துதான். பெரும்பாலும் கீறலுக்கு முன் 1 கிராம் அளவில் ரத்தநாளம் வழியே செலுத்துகிறோம். மூட்டுக்குள் ஊற்றுவதும் உண்டு.

கட்டி பற்றிய கேள்விக்குப் பூசி மெழுகாமல் விடை சொல்லவேண்டும். இதயம் தவிர்த்த பிற அறுவை சிகிச்சைகளில் 9,535 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான பாய்ஸ்-3 ஆய்வில், கடும் ரத்தப்போக்கு 11.7 விழுக்காட்டிலிருந்து 9.1 ஆகக் குறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டி முதலிய பாதிப்புகள் மருந்து பெறாதவர்களில் 13.9, பெற்றவர்களில் 14.2 விழுக்காடு. அந்தச் சிறு வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று என்று அந்த ஆய்வால் அறுதியிட முடியவில்லை. ஆயினும் மூட்டு மாற்றுச் சிகிச்சையில் மட்டும் நடந்த பல ஆய்வுகள் ரத்தம் ஏற்றும் தேவை தெளிவாகக் குறைவதையே காட்டியிருப்பதால், பெரும்பாலான நோயாளிகளுக்கு இதைக் கொடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

தாயாருக்கு முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி, பக்கவாதம், வலிப்பு, இதய ஸ்டென்ட், சிறுநீரகக் குறைபாடு இவற்றில் எது இருந்தாலும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்; சிறுநீர் வழியே வெளியேறும் மருந்தாதலால் அளவைக் குறைக்க நேரிடலாம். சிகிச்சைக்குப் பின் கட்டியைத் தடுக்கத் தரும் மருந்தை, இந்த ஊசி போட்ட காரணத்தால் விட்டுவிடக் கூடாது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால், காரணத்தைக் கண்டு சரிசெய்யச் சில வாரங்கள் தேவைப்படும். எனவே அந்தப் பரிசோதனையை இப்போதே செய்துவிடுங்கள்.