வாய் பிளந்து சாகும் சிப்பிகள்: ஒட்டுண்ணியா, வேறு காரணமா?

கேள்வி: எங்கள் குழு கழிமுகத்தில் கயிறு கட்டி உணவுச் சிப்பி வளர்க்கிறது. கோடை வந்ததும், விற்கும் அளவுக்கு வளர்ந்த சிப்பிகள் வாய் பிளந்து சாகின்றன. உயிரோடு இருப்பவற்றிலும் சதை மெலிந்து தண்ணீராக இருக்கிறது. ஒட்டுண்ணி என்கிறார்கள். தண்ணீரில் மருந்து ஊற்றலாமா? மீதியைச் சாப்பிடலாமா?

பதில்: மருந்து ஊற்றவே வேண்டாம். ஏற்றவற்றம் உள்ள தண்ணீரில் அது நிற்காது. நின்றாலும் மீன் குஞ்சுகளையும் கொல்லக்கூடும்.

சதை மெலிவதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது. முட்டையிட்டு ஓய்ந்த சிப்பியும் அப்படித்தான் இருக்கும்; சில வாரங்களில் தேறிவிடும். மழை வெள்ளத்தில் உப்பு குறைந்தால் சிறிதும் பெரிதும் சேர்ந்து சாகும். வெப்பம் ஏறும் மாதங்களில், உப்பு மிகுந்த தண்ணீரில், வளர்ந்த சிப்பிகள் தொடர்ந்து விழுந்தால் பெர்கின்சஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். சாகும் நிலையில் உள்ள ஒன்றைத் திறந்து பாருங்கள்: செரிமானச் சுரப்பி வெளிறியிருக்கும், மேலுறை (ஓட்டின் உள்பக்கத்தை ஒட்டியிருக்கும் மெல்லிய சதை) ஓட்டின் ஓரத்தை விட்டு உள்ளே சுருங்கியிருக்கும்.

இது உள்ளே நுழையும் விதம் கொடுமையானது. சிப்பி இரை தேடித் தண்ணீரை வடிகட்டும்போது ஒட்டுண்ணியும் கூடவே வருகிறது. சிப்பியின் இரத்த அணுக்கள் வழக்கம்போல் அதை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. விழுங்கிய அணுவுக்குள்ளேயே அது பெருகுகிறது. காவல்காரன் திருடனைத் தோளில் சுமந்து வீடு முழுக்கச் சுற்றிக் காட்டுவது போல, அந்த அணுக்களே அதை உடல் முழுவதும் கொண்டு சேர்க்கின்றன. சிப்பி செத்து அழுகும்போது ஒட்டுண்ணிகள் தண்ணீரில் கலந்து பக்கத்துச் சிப்பிக்குப் போகின்றன. இடையில் வேறு உயிரினம் தேவையில்லை. ஆகவே கயிற்றில் தொங்கும் செத்த சிப்பிதான் உங்கள் முதல் எதிரி.

அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாவின் சிப்பிச் சாவுகளை ஆராய்ந்தவர்கள் 1950இல் இதை விவரித்தபோது பூஞ்சை என்றே நினைத்தார்கள். பெர்கின்சஸ் மரினஸ் என்ற அந்த இனம் பின்னர் அமெரிக்கக் கிழக்குக் கரையின் செசபீக் விரிகுடாவில் சிப்பித் தொழில் நொறுங்கியதற்கு ஒரு முக்கியக் காரணமானது. அதன் உறவான பெர்கின்சஸ் ஓல்செனி, நம் முத்துச்சிப்பியிலும் இருப்பது 2010இல் பதிவானது. எனவே இது எங்கோ நடக்கும் கதை அல்ல.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். செத்தவற்றை அன்றன்றே அகற்றுங்கள்; தண்ணீரில் திரும்ப வீசாதீர்கள். குஞ்சு ஒட்டுவதற்காக மீண்டும் கட்டப்போகும் ஓடுகளைக் கரையில் ஒரு மாதமாவது வெயிலில் காயப் போடுங்கள். விற்கும் அளவு வந்தவற்றைக் கோடை உச்சத்துக்கு முன்பே அறுவடை செய்துவிடுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், சோதிக்காத குஞ்சுகளை வேறு கழிமுகத்திலிருந்து கொண்டுவராதீர்கள், உங்களுடையதையும் கொடுக்காதீர்கள். நோய் தொற்றிய சிப்பி பல மாதம் நலமாகவே தோன்றும். ஐரோப்பாவின் தட்டைச் சிப்பியைப் பெருமளவில் அழித்த பொனாமியா ஒட்டுண்ணி இப்படி இடம் மாற்றிய சிப்பிகளோடுதான் பரவியது.

எல்லா ஒட்டுண்ணிக்கும் இந்த வழி பொருந்தாது. ஐரோப்பாவின் மார்ட்டீலியா என்ற ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியில், இறாலின் உறவான ஒரு நுண்ணிய மிதவை உயிரிக்குப் பங்கு உண்டு. புசெபாலஸ் என்ற தட்டைப்புழு மீன் வழியாக வருகிறது. சிப்பியின் இனப்பெருக்கத் திசுவை நிரப்பி மலடாக்கிவிடும். அங்கே செத்ததை அகற்றினாலும் பெரிய பலன் இருக்காது. அதனால்தான் எது என்று முதலில் உறுதிசெய்யச் சொல்கிறேன்.

சாகும் நிலையில் உள்ளவையும் நலமானவையுமாகச் சுமார் 30 சிப்பிகளை உயிரோடு ஈரச் சாக்கில் சுற்றி, பனிக்கட்டி நேரடியாகப் படாமல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அருகிலுள்ள மையத்திடம் ஒப்படையுங்கள். முன்பே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். திசுவைத் தயோகிளைகோலேட் கரைசலில் சில நாட்கள் இருட்டில் வைத்து அயோடின் விடுவார்கள். பெர்கின்சஸ் இருந்தால் நுண்ணோக்கியில் கருநீல உருண்டைகள் தெரியும். 1952இல் வந்த இந்த முறை இன்றும் பயன்படுகிறது.

சாப்பிடுவதைப் பொறுத்தவரை, பெர்கின்சஸ் மனிதருக்கு நோய் தருவதில்லை. ஆனால் வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ பாக்டீரியா பெருகும். பச்சையாகத் தின்றால் அதுதான் ஆபத்து. தட்டினால் ஓட்டை மூடிக்கொள்ளும் சிப்பியை மட்டும் எடுத்து நன்றாக வேகவைத்து உண்ணுங்கள், விற்பதும் அவற்றை மட்டுமே. மூடாததைச் சந்தைக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.