தைராய்டு மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு முடி அதிகமாகக் கொட்டுகிறது, நிறுத்திவிடலாமா?

மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் என்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நானும் நிறுத்தப் போனவள்தான். நான் டாக்டர் இல்லை, பாபநாசம் பக்கத்தில் குடும்பம் நடத்துகிறவள். பட்டதைச் சொல்கிறேன், முடிவை உங்கள் டாக்டரிடம் கேட்டே எடுங்கள்.

எனக்கு டிஎஸ்ஹெச் 18 இருந்தது. தைராய்டுக்கு ரத்தத்தில் பார்க்கும் அளவு அது, தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது ஏறும். ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பங்குனி பிறந்ததும் தலையில் கை வைத்தாலே கொத்துக் கொத்தாக வந்தது. போர் தண்ணிதான் காரணம் என்றார் மாமியார். மேட்டூர் திறந்து குடமுருட்டியில் தண்ணி வரட்டும், ஆத்துல தலைக்குக் குளி, நின்னுடும் என்றார். ஓரகத்தி மாத்திரையைக் குறை சொன்னாள். ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, "என்னடி வகிடு இப்படி அகலமாயிடுச்சு" என்று நாலு பேர் காதில் விழக் கேட்டார் ஒரு பெரியம்மா. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் டிஎஸ்ஹெச் 14. டோஸை 75 ஆக்கினார்கள். அடுத்த முறையும் 11-க்குக் கீழே வரவில்லை. கடைசியில் தஞ்சாவூரில் ஒரு ஹார்மோன் டாக்டரிடம் போனேன். ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன்பே, "மாத்திரையை எதோடு சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். காபியோடு என்றேன். விடிகாலை ஐந்து மணிக்கு முதல் டிகாக்‌ஷன் இறங்கியதும், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டேதான் மாத்திரை போடுவேன். வெறும் வயிறு என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் காபியை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லையே! காபி அந்த மருந்தை உடம்பில் சரியாக ஏற விடாது என்பதை அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. கால்சியம் மாத்திரையையும் கூடவே விழுங்கிக்கொண்டிருந்தேன். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேரம் இடைவெளி வேண்டுமாம்.

காபியைக் குறை சொல்கிறேன் என்று எங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நெடுஞ்சாலை முழுக்கக் கும்பகோணம் டிகிரி காபி என்று போர்டு மாட்டிப் பித்தளை டபராவில் ஊற்றித் தருகிறார்களே, அதைக் குடித்துவிட்டு எங்கள் காபி இதுதான் என்று யாராவது சொன்னால்தான் எனக்கு வருத்தம். தண்ணீர் கலக்காத பாலும் அப்போதே இறக்கிய டிகாக்‌ஷனும் இல்லாமல் அது என்ன டிகிரி காபி?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி என்று மாற்றினேன். எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் 3.1-க்கு வந்தது. முடி மட்டும் உடனே நிற்கவில்லை. டாக்டர் விளக்கினார்: ஹார்மோன் குறைந்திருந்த நாட்களில் ஓய்வுக்குப் போன முடிதான் இரண்டு மூன்று மாதம் கழித்து உதிர்கிறது. அதற்குள் நாம் மாத்திரை ஆரம்பித்துவிடுகிறோம், பழி அதன் மேல் விழுகிறது. டோஸ் தேவைக்கு மேல் போனாலும் முடி கொட்டும் என்பதையும் சொன்னார், அதனால்தான் டோஸ் சரியாக அமையும் வரை ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு நெற்றி ஓரத்தில் குட்டி முடி எட்டிப் பார்க்க ஆறு மாதம் ஆனது. பின்னலில் வைத்த பூ நழுவாமல் நிற்க ஒரு வருஷத்துக்கு மேல்.

உங்கள் டிஎஸ்ஹெச் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் டெஸ்டும் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், இரும்புச்சத்து குறைந்தாலும் இதே மாதிரிதான் கொட்டும். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அப்படியானால் ரத்தம் கொடுக்கும் முன் அதையும் சொல்லிவிடுங்கள், சில லேப்களில் அது தைராய்டு ரிசல்ட்டையே மாற்றிக் காட்டிவிடும்.