ஆய்வகக் கேள்வி–பதில்: சிலிக்கா தகட்டை எவ்வளவு நம்பலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்கள் மெல்லடுக்கு குரோமடோகிராபி பற்றி அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். ஆய்வகங்களில் இதை டிஎல்சி என்றே சொல்வார்கள். சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் மாதிரியைப் புள்ளி வைத்துக் கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் மேலேறும்போது கலவையில் உள்ள பொருட்கள் வெவ்வேறு உயரத்தில் பிரிந்து நிற்கும். புள்ளி ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்தால் வருவது ஆர்எஃப் மதிப்பு.

ஐயா வணக்கம். நான் படிவம் 6 மாணவன். கீரையின் நிறமிகளை ஹெக்சேன், அசிட்டோன் 7:3 கலவையில் ஓட்டினேன். புள்ளிகள் வால் பிடித்தன. ஓரத்துப் புள்ளிகள் மட்டும் உயரப் போயின. ஒவ்வொரு தடவையும் ஆர்எஃப் மாறுகிறது. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி வேறு. தகடு கெட்டுப்போனதா?

தகட்டைக் குறை சொல்லாதீர்கள் தம்பி, நான்குக்கும் வேறு வேறு காரணம் இருக்கிறது.

வால் பிடிப்பது பெரும்பாலும் அளவு கூடியதால். பச்சையாகத் தெரியட்டும் என்று ஒரே இடத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் அந்த இடத்துச் சிலிக்கா நிறைந்துவிடும், மிச்சம் கோடாக இழுபடும். மெல்லிய கண்ணாடிக் குழாயால் தொட்டும் தொடாமலும் வையுங்கள். புள்ளி 2 மி.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது. காய்ந்த பிறகுதான் அதன் மேல் அடுத்தது. புள்ளி வைக்கும் கரைசல் மெத்தனாலில் இருந்தால் பொருள் வட்டமாக வெளியே பரவி வளையம் போட்டுவிடும், அசிட்டோனே போதும். அடிக்கோட்டைப் பென்சிலால், கீழிருந்து 1 செ.மீ. உயரத்தில் போடுங்கள். பேனா மை கரைந்து அதுவும் ஓடும். ஜாடியில் கரைப்பான் அரை செ.மீ. ஆழம்தான் இருக்க வேண்டும். புள்ளியே முழுகிவிட்டால் நிறமி தகட்டில் ஏறாது, ஜாடியில்தான் கரையும்.

ஓரத்துப் புள்ளிகள் உயரப் போவதற்குக் காரணம் ஜாடிக்குள் ஆவி நிறையாதது. தகட்டின் இரு ஓரங்களிலும் கரைப்பான் ஆவியாகி, அதை ஈடுகட்ட அங்கே கூடுதலாக இழுக்கப்படுகிறது. ஜாடியின் உள்சுவரில் வடிதாளைச் சுற்றி, கரைப்பானால் நனைத்து, மூடி 20 நிமிடம் விடுங்கள். அதன் பிறகு தகட்டை இறக்கினால் கோடு நேராக ஏறும். காலையில் ஊற்றிய கலவையை மதியத்துக்கும் வைத்திருக்க வேண்டாம். திறந்து மூட மூட அசிட்டோனும் ஹெக்சேனும் ஒரே விகிதத்தில் போகாது.

ஆர்எஃப் மாறுவதற்கு நம் ஊர் ஈரம் முக்கியக் காரணம். சிலிக்கா காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டால் பொருட்களைப் பிடித்து வைக்கும் சக்தி குறையும், எல்லாப் புள்ளிகளும் உயரப் போகும். தகட்டை 110 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் வைத்து, ஈரம் உறிஞ்சும் ஜாடியில் ஆற விடுங்கள். ஆனால் வெளியே எடுத்த சில நிமிடங்களில் அது மறுபடியும் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கும். மழை பெய்யும் நாளில் சாவகாசமாகப் புள்ளி வைத்தால் சூடாக்கியதே வீண். பெரிய ஆய்வகங்களில் மெக்னீசியம் குளோரைடின் பூரிதக் கரைசல் வைத்து ஈரப்பதத்தை 33 சதவீதத்தில் நிறுத்துவார்கள். அந்த வசதி இல்லாதவர் புத்தகத்து ஆர்எஃப் எண்ணோடு ஒப்பிடவே வேண்டாம். தெரிந்த பொருளை அதே தகட்டில், பக்கத்திலேயே ஓட்டி ஒப்பிடுங்கள். பக்கத்துப் புள்ளிதான் சாட்சி.

சாம்பல் புள்ளி ஃபியோஃபைட்டின். இலையை இடிக்கும்போது அதிலுள்ள அமிலம் பச்சையத்தின் நடுவில் இருக்கும் மெக்னீசியத்தைக் கழற்றிவிடுகிறது. இடிக்கும்போதே ஒரு சிட்டிகை கால்சியம் கார்பனேட் போட்டால் குறையும். தகடு முடிந்ததும் உடனே படம் எடுங்கள்; மேலே நிற்கும் கரோட்டின் வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

செம்பனை ஆலை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கச்சா எண்ணெயில் உள்ள தனிக் கொழுப்பமிலத்தைத் தினமும் டைட்ரேஷனில்தான் பார்க்கிறோம். டிஎல்சி போட்டால் கூடுதலாக என்ன தெரியும் ஐயா?

தினசரிக் கணக்குக்கு டைட்ரேஷன் போதும். 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று அது சொல்லிவிடும், தகட்டைவிடத் துல்லியமாகவும் சொல்லும். டைட்ரேஷன் சொல்லாத ஒன்றைத்தான் தகடு சொல்கிறது. அதுதான் டைகிளிசரைடு.

அடிபட்ட குலையோ, இரண்டு நாள் கிடந்த உதிரிப் பழமோ ஆலைக்கு வந்தால், பழத்திலுள்ள லைபேஸ் நொதி, எண்ணெயின் பெரும்பகுதியான டிரைகிளிசரைடை (மூன்று கொழுப்பமிலம் கோத்த கொழுப்பு) உடைக்கும். ஒரு கொழுப்பமிலம் கழன்றால் மிஞ்சுவது டைகிளிசரைடு. சுத்திகரிப்பில் 240 பாகைக்கு மேல் நீராவி செலுத்தும்போது கொழுப்பமிலம் பறந்துவிடும், டைகிளிசரைடு பெரும்பகுதி அப்படியே தங்கும். அதனால் சுத்திகரித்த எண்ணெயில் அமிலம் 0.1 சதவீதத்துக்கும் கீழே இருக்கும்போது, டைகிளிசரைடு புள்ளி மட்டும் தடிப்பாக நின்றால், அது எப்படிப்பட்ட பழத்திலிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். கழுவினாலும் போகாத கறை அது.

செய்முறை: எண்ணெய் 10 மி.கி., ஹெக்சேன் 1 மி.லி., அதிலிருந்து 1 அல்லது 2 மைக்ரோலிட்டர். ஓட்டும் கலவை ஹெக்சேன் 80, டைஎத்தில் ஈதர் 20, அசிட்டிக் அமிலம் 1. அந்த ஒரு பங்கு அமிலத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். அது இல்லாவிட்டால் கொழுப்பமிலம் தகடு நெடுக வாலாக இழுபடும். கரோட்டின் கரைப்பானின் முன்கோட்டோடு மஞ்சளாக ஓடிவிடும். அதற்குக் கீழே டிரைகிளிசரைடு, அடுத்து கொழுப்பமிலம், பிறகு டைகிளிசரைடு இரண்டு புள்ளிகளாக, அடிக்கு அருகில் மோனோகிளிசரைடு. பாஸ்போலிப்பிடு நகரவே நகராது.

கண்ணுக்குத் தெரிய, மூடிய ஜாடியில் சில அயோடின் துண்டுகளோடு தகட்டைச் சில நிமிடம் வையுங்கள். பழுப்பாகத் தெரிந்ததும் பென்சிலால் சுற்றிக் குறித்துவிடுங்கள், வெளியே எடுத்தால் மறைந்துவிடும். அயோடின் இரட்டைப் பிணைப்பு உள்ள கொழுப்பைத்தான் நன்றாகப் பிடிக்கும். செம்பனை எண்ணெயில் பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால், புள்ளியின் அடர்த்தியைப் பார்த்து அளவு சொல்ல முடியாது. அளவுதான் வேண்டும் என்றால் 8 சதவீதப் பாஸ்பாரிக் அமிலத்தில் 10 சதவீதக் காப்பர் சல்பேட் கரைத்துத் தெளித்து, 180 பாகையில் கருக்கி, ஸ்கேனரில் அளக்க வேண்டும். இதற்குக் கண்ணாடித் தகடுதான் ஆகும். அந்தக் கரைசல் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

ஈதரைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் ஆவி மேசையோடு தவழ்ந்து போய், தள்ளி இருக்கும் சூட்டடுப்பிலேயே தீப்பிடிக்கும். திறந்து நாளான போத்தலில் பெராக்சைடு சேர்ந்திருக்கலாம், அதைக் காய்ச்சி வற்றவிடக் கூடாது. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டு இல்லாத ஆலை ஆய்வகத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இன்னொன்று: டைகிளிசரைடு அதிகமுள்ள எண்ணெயை மிகுந்த சூட்டில் சுத்திகரித்தால், உடல்நலத்துக்குக் கேடு என்று கருதப்படும் கிளிசிடைல் எஸ்டர் உருவாகும். அது மில்லியனில் ஒரு பங்கு அளவு விவகாரம், தகட்டில் தெரியாது. வாயுக் குரோமடோகிராபியோடு, மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காட்டும் நிறை நிறமாலைமானி வேண்டும்.

மளிகைக்கடை வைத்திருக்கிறேன். மொத்தமாக வாங்கும் மஞ்சள் தூளில் சாயம் கலந்திருந்தால் அமிலம் விட்டால் சிவக்கும் என்கிறார்கள். அது போதுமா?

போதாது அண்ணாச்சி. அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நல்ல மஞ்சளும் சிவக்கும். தண்ணீர் விட்டதும் அந்தச் சிவப்பு போய்விடும், மெட்டானில் மஞ்சள் என்ற சாயமாக இருந்தால் போகாது. இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை.

தகட்டில் தெளிவாகவே தெரியும். தூளை மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, குளோரோஃபார்ம் 95, மெத்தனால் 5 கலவையில் ஓட்டினால் நல்ல மஞ்சளில் மூன்று மஞ்சள் புள்ளிகள் ஏறும். மேலே குர்குமின், கீழே அதன் இரண்டு உறவுகள். 365 நானோமீட்டர் புறஊதா விளக்கில் மூன்றும் பளிச்சென்று ஒளிரும். மெட்டானில் மஞ்சள் உப்பு வகைச் சாயம். இந்தக் கலவையில் அடியிலேயே உட்கார்ந்துவிடும். மூன்றில் கடைசிப் புள்ளி காணாமல் போயிருந்தால் தெமு லவாக் கிழங்கைக் கலந்திருக்கிறார்களா என்று சந்தேகப்படலாம். அது விஷமல்ல, ஆனால் நீங்கள் காசு கொடுத்தது மஞ்சளுக்கு.

ஈயக் குரோமேட் கலந்திருந்தால் தகடு ஒன்றும் காட்டாது. அது கரையாது, நகராது. தகடு சுத்தமாக இருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் சத்தியம் செய்யாதீர்கள். ஈயத்துக்குத் தனிச் சோதனை. குளோரோஃபார்மும் கடையின் பின்கட்டில் வைத்து விளையாடும் பொருள் இல்லை, ஆய்வகத்துக்கே அனுப்புங்கள்.

என் அம்மா மூட்டு வலிக்குப் பாசாரில் வாங்கிய ஜாமு மூலிகைத் தூளை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறார். இரண்டே நாளில் வலி போனது. இப்போது முகம் உப்பியிருக்கிறது. அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று தகட்டில் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் முதலில் அம்மாவை இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் தங்கச்சி. பாக்கெட்டையும் எடுத்துப் போங்கள். பயந்துபோய் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகலாம். எப்படிக் குறைப்பது என்று மருத்துவர் சொல்வார். பாக்கெட்டில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி டி (T) எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண் இல்லாவிட்டால் அதுவே பாதிப் பதில்.

ஆய்வகத்தில் தூளின் மெத்தனால் சாற்றை, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் மாதிரிக்குப் பக்கத்தில், 254 நானோமீட்டரில் பச்சையாக ஒளிரும் தகட்டில் ஓட்டுவார்கள். ஸ்டீராய்டு அங்கே கரும்புள்ளியாகத் தெரியும். காரம் சேர்த்த டெட்ரசோலியம் நீலம் தெளித்தால் நிறம் காட்டும். ஒரே தகட்டில் பத்துப் பாக்கெட்டுகளைச் சோதித்துவிடலாம், அதுதான் இதன் பலம். ஆனால் டெக்சாமெத்தசோனும் பீட்டாமெத்தசோனும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும். வழக்குப் போடும் அளவுக்கு உறுதி வேண்டும் என்றால் நிறை நிறமாலைமானி வரை போக வேண்டும்.

எச்பிஎல்சி (திரவத்தை அதிக அழுத்தத்தில் குழாய் வழியே செலுத்திப் பிரிக்கும்) கருவி எங்கும் வந்துவிட்டதே, இந்தத் தகட்டை இன்னும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? — அறிவியல் ஆசிரியை

தகடு ஒரு தடவைதான் பயன்படும் டீச்சர், அதனால் அழுக்கு மாதிரியைப் பற்றிக் கவலையில்லை. எச்பிஎல்சி குழாயில் பிசுபிசுப்பான மூலிகைச் சாற்றை விட்டால் குழாயே அடைத்துக்கொள்ளும். மூலிகை மருந்தின் அடையாளத்தை மருந்தியல் நூல்கள் 5 மைக்ரான் அளவுச் சிலிக்காத் தகடுகளில், 8 மி.மீ. கோடுகளாகக் கருவியே தெளித்து வைக்கும் எச்பிடிஎல்சி என்ற உயர்திறன் டிஎல்சி முறையில் பார்க்கச் சொல்கின்றன. தகட்டின் மேலேயே உயிரியல் சோதனையும் நடக்கும்: கோலினெஸ்டெரேஸ் நொதியைத் தெளித்தால் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து நின்ற இடம் ஊதாப் பின்னணியில் வெள்ளையாகத் தெரியும்.

மருத்துவமனையில் எலும்பு ஸ்கேனுக்குப் போடும் டெக்னீசியம்-99எம் ஊசியின் அரைவாழ்வு 6 மணி நேரம். ஊசி போடும் முன் அதைச் சோதிக்கக் கருவியைத் தயார் செய்துகொண்டிருக்க நேரமில்லை. ஒரு பட்டையை அசிட்டோனில் நிறுத்தினால் மருந்தோடு ஒட்டாத டெக்னீசியம், அதாவது பெர்டெக்னிடேட், முன்கோட்டுக்கு ஓடிவிடும், மற்றது அடியில் நிற்கும். பட்டையை இரண்டாக வெட்டிக் கதிர்வீச்சை எண்ணினால் சில நிமிடத்தில் விடை.

தகடு விலை கட்டுப்படியாகவில்லை. பள்ளி ஆய்வகத்தில் நாங்களே பூசலாமா?

பூசலாம். ஜிப்சம் கலந்த சிலிக்கா ஜெல் ஜி 30 கிராம், தண்ணீர் 60 மி.லி. மூடிய குடுவையில் ஒரு நிமிடம் குலுக்கி, உடனே ஊற்றிப் பரப்புங்கள். ஜிப்சம் சில நிமிடத்தில் இறுகிவிடும். 20 செ.மீ. சதுரக் கண்ணாடி ஐந்துக்கு 0.25 மி.மீ. தடிப்பில் வரும். பரப்பும் கருவி இல்லையென்றால் கண்ணாடியின் இரு ஓரத்திலும் அந்தத் தடிப்பு வரும்வரை செலோடேப்பை அடுக்கடுக்காக ஒட்டி, அதன் மேல் கண்ணாடிக் கம்பியை ஒரே இழுப்பில் இழுங்கள். கண்ணாடியில் கைரேகை எண்ணெய் இருந்தால் அந்த இடத்தில் படலம் உரியும், அசிட்டோனால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். காற்றில் காய்ந்த பிறகு 110 பாகையில் அரை மணி நேரம். பொடி பறக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.