கடைக்காரர் மகன் ஏஐயில் வெப்சைட் செய்துவிட்டான், எனக்கு இனி என்ன வேலை?

கேள்வி: தாராவி லெதர் கடைகளுக்கும் சயான் பக்கத்து டியூஷன் சென்டர்களுக்கும் வெப்சைட் செய்து தருகிறேன். வேர்ட்பிரஸ் தீம் (ஆயத்த டிசைன்) ஒன்றை எடுத்து, நிறமும் படமும் மாற்றிக் கொடுப்பதுதான் ரொம்ப நாளாகப் பிழைப்பு. இப்போது கடைக்காரர் மகனே ஏஐயில் ஒரு பக்கம் செய்து காட்டி, "இதுக்கு எதுக்கு இருபதாயிரம்?" என்கிறான். இனி எதைக் கற்றுக்கொள்வது?
- வாசகர், செம்பூர், மும்பை

பதில்: தீம் மாட்டிக் கொடுப்பதற்கு இனி அந்தப் பணம் வராது. அதை ஏற்றுக்கொண்டு, அந்தப் பையன் செய்த பக்கத்தை ஒரு மலிவான ஆண்ட்ராய்டு போனில், லோக்கல் டிரெயினில் சிக்னல் விட்டு விட்டு வரும்போது திறந்து பாருங்கள். கேமராவில் எடுத்த படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருந்தால் பக்கம் வரவே வராது. முக்கியமான படமோ எழுத்தோ இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. படத்தை வெப்பி (WebP) என்ற கனம் குறைந்த பட வடிவத்துக்கு மாற்றி, போனுக்குச் சின்னதும் கம்ப்யூட்டருக்குப் பெரியதும் போகும்படி வைத்தாலே பாதிக் கனம் குறையும். இதைக் கடைக்காரரின் போனிலேயே செய்து காட்டுங்கள், பேரம் வேறு மாதிரி நடக்கும்.

கற்க வேண்டியது சிஎஸ்எஸ்தான், அதாவது பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோட் மொழி, புது டூல் இல்லை. 2010-ல் ஈதன் மார்காட் என்ற வெப் டிசைனர் 'ரெஸ்பான்சிவ்' வடிவமைப்பைப் பற்றி எழுதியதிலிருந்து நாம் திரையின் அகலத்தைப் பார்த்தே லேஅவுட்டை மாற்றி வந்தோம். 2017-ல் பக்கத்தை வரிசையும் பத்தியுமாகப் பிரித்து அடுக்கும் சிஎஸ்எஸ் க்ரிட் முக்கிய பிரவுசர்களில் வந்தது. 2023-ல் கன்டெய்னர் குவெரியும் எல்லாவற்றிலும் வந்துவிட்டதால், ஒரு பர்ஸின் படமும் விலையும் உள்ள கார்டு தான் உட்கார்ந்திருக்கும் பெட்டியின் அகலத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும், அதே கோட் முகப்பிலும் ஓரப் பட்டியிலும் உடையாமல் நிற்கும். இதற்காக முன்பு பிளக்இன் மேல் பிளக்இன் போட்டோமே, அதெல்லாம் வேண்டாம்.

அப்புறம் மொழி. மும்பையில் இது உங்களுக்குப் பெரிய பலம். மராத்தித் தலைப்பில் எழுத்து இடைவெளியைக் கூட்டினால் எழுத்துகளை இணைக்கும் மேல்கோடு துண்டு துண்டாகிவிடும். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த பொத்தானில் 'தொடர்புகொள்ளுங்கள்' அடங்காது. ஏஐ தரும் கோடில் இவற்றை ஒருவர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும், தமிழும் மராத்தியும் படிக்கத் தெரிந்த நீங்கள் பார்க்கலாம். முதல் வரைவுக்கு ஏஐயைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

கேள்வி: வேலையை முடித்துக் கொடுத்து மாதங்கள் ஆகின்றன, பாதிப் பணம் வரவில்லை. சைட்டை முடக்கிவிடலாமா?
- வாசகி, மாட்டுங்கா

பதில்: வேண்டாம். அவர் வியாபாரம் நின்றால் சண்டை உங்கள் பக்கம் திரும்பிவிடும். முதலில் இன்வாய்ஸோடு எழுத்தில் கேளுங்கள். அடுத்த வேலைக்கு முன் சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள், அது இலவசம். 2006-ன் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது, தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. இன்னொன்று, 1957-ன் பதிப்புரிமைச் சட்டப்படி டிசைனின் உரிமையை எழுத்தில்தான் மாற்றித் தர முடியும். அதனால் முழுப் பணம் வந்த பிறகே உரிமை மாறும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டு, அட்வான்ஸ் கைக்கு வந்ததும் வேலையைத் தொடங்குங்கள்.